தெர்மோஸ்டாட் மாற்றிய பின் எஞ்சின் சூடேறுகிறது: காற்று அடைப்பா, வாட்டர் பம்ப்பா?

வணக்கம். என் கார் 2012 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர். பழைய தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடியே சிக்கிக்கொண்டதால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடாகவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே புதியதை மாற்றினேன். இப்போது சிக்கல் தலைகீழாகிவிட்டது.

ஓடும்போது வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது; உடனே அணைத்துவிடுகிறேன். அப்போது ரேடியேட்டரின் மேல் குழாய் கொதிக்கிறது, கீழ்க் குழாய் குளிர்ந்தே இருக்கிறது. ஹீட்டரில் குளிர்ந்த காற்றுதான்; ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் சற்றே சூடாகிறது.

புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தும் முன் வெந்நீரில் சோதித்தேன். 88 டிகிரியை ஒட்டித் திறந்தது, ஆறியதும் மூடியது. ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், சிறு காற்றுத் துளை மேலே. இரண்டையும் கவனித்தே பொருத்தினேன். விசிறி சரியாகச் சுழல்கிறது. கசிவு இல்லை. எண்ணெயில் பால் நிறமும் இல்லை, வெண்புகையும் இல்லை; அதனால் கூலன்ட் எஞ்சினுக்குள் கசிவதாகவும் தெரியவில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இரண்டு முறை காற்றை வெளியேற்றினேன்.

தெர்மோஸ்டாட்டை மாற்றும்போது வெளியேறிய கூலன்ட் ஏறக்குறைய 5 லிட்டர். திரும்ப உள்ளே போனது நாலரை லிட்டர்தான். அந்த அரை லிட்டர்தான் என் உறக்கத்தைக் கெடுக்கிறது.

மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன், இது உள்ளே தங்கிய காற்றா, வலுவிழந்த வாட்டர் பம்ப்பா என்று வீட்டிலேயே பிரித்தறிவது எப்படி?