மக்ஸி ஸ்பேனியரின் 16 உருப்படிகள்: கேட்டவர்கள், கார்னெட் வாசிப்பவர்கள் பகிர்ந்தவை

மக்ஸி ஸ்பேனியர் ஜாஸ் இசைக்கலைஞர், டிரம்பெட்டின் உறவான கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்தவர். 1939-இல் அவருடைய ராக்டைம் பேண்ட் புளூபேர்ட் லேபிளுக்குப் பதிவு செய்தவை மொத்தம் 16. ஜூலையில் சிகாகோவில் நான்கு, நவம்பர், டிசம்பரில் நியூயார்க்கில் மீதி. பின்னர் இவை 'தி கிரேட் 16' என்று ஒரே எல்பி-யாக (நீண்டநேர இசைத்தட்டாக) வந்தன. புதிதாகக் கேட்பவர்கள் 'ரிலாக்ஸின் அட் தி டூரோ'விலிருந்து தொடங்குங்கள். மெதுவான 12 பார் (12 தாள அளவுகள் கொண்ட சுற்று) புளூஸ். முதலில் ஜோ புஷ்கினின் பியானோ, பிறகுதான் கார்னெட். நியூ ஆர்லியன்ஸில் ஸ்பேனியர் உயிர்பிழைத்த மருத்துவமனையின் பெயர்தான் டூரோ. வேகவிரல் வித்தையை எதிர்பார்க்காதீர்கள். மெட்டை விட்டு விலகாமலே தாளத்தை முன்னே தள்ளுகிறாரே, அந்த அழுத்தம்தான் இதன் உயிர்.

*

கார்னெட் வாசிக்கிறவர்களுக்கு, ஸ்பேனியரின் 'வா-வா' ஒலியைப் பற்றி: கருவியின் முன்வாயை மூடித் திறந்து அதை எழுப்பும் பிளஞ்சர் என்பது சமையலறைத் தொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணமேதான், கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். இடது கை கிண்ணத்தைப் பிடிப்பதால் கருவியின் பாரம் முழுக்க வலது கைக்குப் போகும். வால்வு விரல்கள் இறுகிவிடும். டிரம்பெட்டை விட கார்னெட் குட்டையாக மடிக்கப்பட்டது, அதனால் ஒலி வெளிவரும் அகன்ற முன்வாய் கைக்கு எட்டும். எல்லோரும் செய்யும் தவறு, கிண்ணத்தை ஒட்ட அழுத்தி மூடுவது. காற்று அடைபட்டு ஸ்வரம் உடையும். கீழே ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள். முன்வாய்க்குள் ஸ்ட்ரெய்ட் மியூட்டும் (ஒலியை அடக்கும் கூம்பு) வைத்தால் சுருதி ஏறும். டியூனிங் ஸ்லைடைக் (சுருதி சேர்க்கும் நகர்குழாயை) கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்யுங்கள்.

முன்னோடி கார்னெட் கலைஞர் கிங் ஆலிவர் 1923-இல் பதிவு செய்த 'டிப்பர்மவுத் புளூஸை'யும், இந்த 16-இல் உள்ள ஸ்பேனியரின் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சிகாகோவில் ஆலிவரைக் கேட்டே வளர்ந்தவர் ஸ்பேனியர் என்பது காதுக்கே தெரியும்.

*

இவை பழைய 78 தட்டுகளாகவே (நிமிடத்துக்கு 78 சுற்று சுழல்பவை) கிடைத்தால் எல்பி ஊசியை வைக்காதீர்கள். அது 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தட்டின் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் உரசும். 3 மில் ஊசி வேண்டும். கழுவ ஆல்கஹால் கூடவே கூடாது, தட்டிலுள்ள ஷெல்லாக் (அரக்கு) கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மென்மையான தூரிகை, லேபிள் நனையக் கூடாது.

*

இன்னொன்று: 78 தட்டை ஸ்டீரியோ கருவியில் ஓட்டினால் இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்குங்கள், இரைச்சல் கணிசமாகக் குறையும். வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு நாலரைச் சுற்று கூடினாலே சுருதி அரை ஸ்வரம் ஏறி, கார்னெட்டின் கனத்த குரல் டிரம்பெட் மாதிரி மெலிந்துவிடும்.