ஃபிளிங்க் மீண்டெழுந்தபின் பதிவுகள் இரண்டிரண்டாக வருவது ஏன்?

கேள்வி: வணக்கம். கட்டணப் பதிவுகளைக் காஃப்காவிலிருந்து (செய்திகளைச் சேமித்துக் கடத்தும் அமைப்பு) வாசித்து, ஃபிளிங்கில் (ஓடிவரும் தரவைத் தொடர்ந்து கணக்கிடும் மென்பொருள்) கணக்கிட்டு, வேறொரு காஃப்கா டாபிக்கில் (செய்தி வரிசையில்) எழுதுகிறோம். நிமிடத்திற்கு ஒருமுறை செக்பாயிண்ட் (கோளாறுக்குப் பின் தொடர்வதற்கான நிலைச் சேமிப்பு) எடுக்கப்படுகிறது. நேற்றிரவு ஒரு டாஸ்க் மேனேஜர் (கணக்கை ஓட்டும் ஃபிளிங்க் செயல்முறை) நின்று, வேலை தானாக மீண்டெழுந்தபின், ஒரே ரசீது எண்ணுடன் இரண்டிரண்டு வரிகள் வந்திருந்தன. செக்பாயிண்டில் 'எக்ஸாக்ட்லி ஒன்ஸ்' (சரியாக ஒருமுறை) என அமைத்திருந்தும் இப்படி நேர்ந்தது ஏன்?

பதில் 1: அந்த அமைப்பு ஃபிளிங்கின் உள்நிலைக்கு மட்டுமே உறுதி தருகிறது. 1985இல் கணினி அறிவியலாளர்கள் சாண்டியும் லாம்போர்ட்டும் வகுத்த முறையைத் தழுவி, தரவோட்டத்தின் நடுவே தடுப்புக்குறிகளை அனுப்பி, ஒவ்வொரு ஆபரேட்டரின் (கணக்கீட்டுப் படியின்) நிலையும் வாசித்த இடமும் ஒருசேரச் சேமிக்கப்படுகின்றன. 40ஆவது நொடியில் கோளாறு நேர்ந்தால், கடைசிச் செக்பாயிண்டிலிருந்து அந்த 40 நொடிப் பதிவுகளும் மீண்டும் ஓடும். ஆனால் அதற்குள் வெளியே எழுதப்பட்டவற்றை யாராலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே சிங்க்கிலும் (வெளியே எழுதும் பகுதியிலும்) அதே உறுதியைத் தனியாக அமைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு செக்பாயிண்டும் முடிந்த பின்னரே காஃப்கா டிரான்சாக்‌ஷன் கமிட் ஆகும், அதாவது ஒரே தொகுதியாக எழுதப்பட்டவை உறுதியாகும்.

பதில் 2: வாசிக்கும் பக்கத்தையும் பாருங்கள். கன்ஸ்யூமரின் (வாசிக்கும் நிரலின்) ஐசொலேஷன் லெவல், அதாவது எந்த வரிகளை வாசிக்கலாம் என்ற அமைப்பு, இயல்பாக 'ரீட் அன்கமிட்டட்' (உறுதியாகாதவற்றையும் வாசிப்பது) என்றே இருக்கும். அதை 'ரீட் கமிட்டட்' (உறுதியானவற்றை மட்டும் வாசிப்பது) ஆக்காவிட்டால் கைவிடப்பட்ட டிரான்சாக்‌ஷன்களின் வரிகளும் தெரியும். காஃப்கா புரோக்கர் (சேவையகம்) இயல்பாக அனுமதிக்கும் டிரான்சாக்‌ஷன் காலவரம்பு 15 நிமிடம்தான். மீள்வதற்கு அதைவிட நேரமானால், கமிட்டுக்குக் காத்திருந்த தரவே தொலைந்துவிடும். இரட்டிப்பைவிட இதுவே எனக்கு அச்சம் தருவது.

கேட்டவர்: சிங்க்கில் 'அட் லீஸ்ட் ஒன்ஸ்' (குறைந்தது ஒருமுறை) என்றே இருந்தது. மாற்றிவிட்டு, சோதனைச் சூழலில் டாஸ்க் மேனேஜரை வேண்டுமென்றே நிறுத்திப் பார்த்தேன்; ரசீது எண்கள் ஒருமுறையே வந்தன. இருவருக்கும் நன்றி.