காந்தத்துக்குள் புலம் எப்படிப் போகிறது? மகளுக்குக் காட்ட வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 12 வயது. நேற்று ஒரு சட்டக் காந்தத்தின் மேல் வெள்ளைத்தாளை வைத்து, இரும்புத்தூளைத் தூவி, விரலால் லேசாகத் தட்டினோம். தூள் சிலிர்த்து எழுந்து முனைகளில் அடர்த்தியாகவும் நடுவில் வளைந்தும் கோடு கோடாக நின்றது. இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் கேள்விகள் வந்தன. "கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே காந்தப்புலம் இல்லையாப்பா?" என்றாள். இருக்கிறது, விட்டுப்போகாமல் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகி அடுத்ததோடு ஒட்டிக்கொள்வதால்தான் கோடாகத் தெரிகிறது என்றேன். சரி என்றாள்.

ஆனால் வெளியே வடமுனையிலிருந்து தென்முனைக்குப் போகும் புலக்கோடுகள் (புலத்தின் திசையைக் காட்ட நாம் வரையும் கோடுகள்), காந்தத்துக்குள்ளே தென்முனையிலிருந்து வடமுனைக்குத் திரும்பி மூடிய வளையமாகின்றன என்றதும், "உள்ளேதான் பார்க்க முடியாதே, எப்படி நம்புவது?" என்கிறாள். நியாயமான கேள்வி. காந்தத்தை உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு முனைகள் இருப்பதைக் காட்டலாம். அது மட்டும் அவளுக்குப் போதாது.

கம்பிச் சுருளில் பேட்டரியை இணைத்து, சுருளுக்குள்ளேயே சின்னத் திசைகாட்டியை வைக்கலாம் என்று நினைக்கிறேன். மின்னோட்டம் ஊசியைத் திருப்புவதை 1820இல் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் கண்டாரே, அதே அடிப்படைதான். வெளியே ஒரு காந்தம் போலவே நடந்துகொள்ளும் சுருளின் உட்புறத்தையும் பார்த்துவிடலாம்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனை சுற்று சுற்றினீர்கள், எவ்வளவு தடிமனான கம்பி? கம்பி சூடாகாமல் இருக்க என்ன செய்தீர்கள்? முக்கியமாக, சுருளில் கண்டதுதான் சட்டக் காந்தத்துக்குள்ளும் நடக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்கினீர்கள்?