நீர்ச் சுழற்சியில் நீர் குறைவதில்லை என்றால் தட்டுப்பாடு எங்கிருந்து வருகிறது?

வெள்ளவத்தை வாசகி:
ஒன்பதாந் தரத்தில் படிக்கும் என் மகளுக்கு விடை சொல்ல முடியாமல் இதைக் கேட்கிறேன். கடலில் ஆவியாகும் நீர் மழையாகிக் கடலையே திரும்பச் சேர்வதால் பூமியில் உள்ள நீரின் மொத்த அளவு மாறுவதில்லை என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறாள். அப்படியென்றால், ஆண்டில் 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் கொழும்பில் நீரைச் சிக்கனப்படுத்துவது எதற்கு என்கிறாள். சிக்கனம் நல்ல பழக்கம் என்று மட்டும் சொல்லி அவளை அனுப்ப எனக்கு மனமில்லை.

களனிக்கரை:
அம்மா, மகள் படித்தது சரியே. ஆனால் அந்த மொத்த அளவில் ஏறத்தாழ 97 வீதம் உப்பு நீர். எஞ்சிய நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்கு பனிப்பாறையாக உறைந்திருக்கிறது. ஆறுகளிலும் ஏரிகளிலும் இருப்பது நன்னீரில் ஒரு வீதத்துக்கும் குறைவு.

கொழும்பின் குழாய் நீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுகிறது. வறண்ட மாதங்களில் ஆற்றின் ஓட்டம் தளரும்போது கடல்நீர் ஆற்றுவழியே மேலேறி வருகிறது. மணல் அகழ்வால் ஆற்றின் அடித்தளம் தாழ்ந்துபோனதால் அது முன்னைவிட எளிதாக உள்ளே புகுகிறது. வடித்தலும் குளோரின் இடுவதும் உப்பை நீக்குவதில்லை என்பதால், அந்த நாள்களில் ஆறு நிறைய நீர் தெரிந்தாலும் குடிக்கக் கொடுக்க இயலாது. நீர் அழியவில்லை, நமக்குப் பயன்படாமற் போகிறது. மகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

குடாநாட்டுக் கிணறு:
யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கொட்டாஞ்சேனையில் வசிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் தாங்கும் என்பது நீரியலாளர் கணக்கு. எனவே மோட்டரால் அளவுமீறி இறைத்து மேலே ஓரடி இறக்கினால் கீழிருந்து உப்பு பல மடங்கு மேலேறும். உவரான கிணறு திரும்பவும் நன்னீராக எத்தனையோ மாரிகள் வேண்டும். போதாததற்கு, தோட்டங்களுக்கு இடும் யூரியாவின் நைத்திரேற்றும் மலக்குழிக் கசிவும் அதே கல்லிடுக்குகள் வழியாகவே இறங்குகின்றன. கொழும்பில் குழாயைத் திறப்பவருக்கு இவை கண்ணில் படுவதில்லை என்பதே எனக்கு வருத்தம்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. தொடர்மாடியில் வசிக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

களனிக்கரை:
உண்டு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் கிடைக்கும். 100 சதுர மீற்றர் மொட்டைமாடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர் விழுகிறது. அதில் ஒரு பகுதியைத் தேக்கினாலே மலசலகூடத்துக்கும் வாகனம் கழுவவும் களனியில் சுத்திகரித்த நீர் தேவைப்படாது. முகாமைத்துவக் குழுவிடம் பேசும்போது, முதல் மழை கூரைத் தூசியைக் கழுவி வருவதால் அதை வெளியே விட வழி வைக்கும்படியும், டெங்கு நுளம்பு முட்டையிடாதபடி தாங்கியின் எல்லா வாய்களுக்கும் வலை கட்டும்படியும் மறவாமல் கேளுங்கள்.