மறு: மறு: கோத்திக் மறுகூறல் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

பாழ்கோட்டை, ரத்தம், அச்சம் என்று போகும் ‘கோத்திக்’ பாணியில் பழைய கதைகளை மாற்றி எழுதுவதை ஆங்கிலத்தில் ‘gothic retelling’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘அணங்குப் புனைவு’ என்றே வைத்துவிடலாமே. அச்சம், அழகு, பெண், தெய்வம் நாலும் அந்த ஒரு சொல்லில் அடங்கும். ‘அணங்குகொல்’ என்று வள்ளுவரே தொடங்கவில்லையா?

சொல் அழகுதான் ஐயா, முதலில் நானும் மயங்கினேன். ஆனால் ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டரின் 1979 சிறுகதைத் தொகுப்பான ‘The Bloody Chamber’ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொருத்திப் பார்த்தால் உதைக்கிறது. தலைப்புக் கதை, பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் அச்சேற்றிய நீலத்தாடிக் கதையின் வழிவந்தது; நீலத்தாடி, மனைவியரைக் கொன்று பூட்டிய அறையில் வைத்திருப்பவன். பதினேழு வயதுப் பெண் கடல் சூழ்ந்த கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். பயம் இருப்பது கட்டியவனிடமும் அவன் கொடுத்த சாவிக்கொத்திலும். ‘அணங்கு’ என்று பெயரிட்டால் கொலைகாரனை விட்டுவிட்டுப் பயத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்ததாகிவிடும்.

இதற்குத் தொல்காப்பியரே துணை. மெய்ப்பாட்டியலில்,

“அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே”

என்கிறார். அணங்கு நாலில் ஒன்றுதான். கார்ட்டரிடம் அதற்கும் ஆள் உண்டு, பாழடைந்த மாளிகையில் ரத்தம் குடித்து வாழும் சீமாட்டி. விலங்குக்கு ஓநாயும் புலியும். கள்வருக்கு வேண்டுமானால் கிரிம் சகோதரர்களின் கொள்ளைக்கார மாப்பிள்ளையிடம் போகலாம். ஆனால் நீலத்தாடி யார்? ‘இறை’. அரசன், தலைவன், வீட்டு எசமான். புலிக் கதையிலும் அப்படித்தான்: அங்கே அவள் அஞ்ச வேண்டியது புலிக்கா, சீட்டாட்டத்தில் பெற்ற மகளையே வைத்துத் தோற்ற அப்பனுக்கா? கடைசியில் அவளே புலியாகிவிடுகிறாள். அப்பனிடம் திரும்பிப் போவதைவிட அது மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

சரி, ‘இறையச்சக் கதை’ என்றால்? யோசித்த கையோடு கைவிட்டேன். நூலகத்தில் அதைச் சமயப் பிரிவில் அடுக்கிவிடுவார்கள்.

> ‘இருண்மைக் கதை’?

வேண்டாம். புதுக்கவிதைக்காரர்கள் ‘புரியவில்லை’ என்பதற்கு எப்போதோ எடுத்துக்கொண்ட சொல் அது.

என் கட்சி, ‘கோத்திக்’ அப்படியே இருக்கட்டும். கோத் என்னும் இனத்தின் பெயர் கட்டடக்கலைக்குப் போய், ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் தன் 1764ஆம் ஆண்டு நாவலின் இரண்டாம் பதிப்பில் ‘கோத்திக் கதை’ என்று துணைத்தலைப்பிட்டபோது இலக்கியத்துக்குள் வந்தது. அச்சத்தோடு அதற்கு வேர்ச்சொல் உறவே கிடையாது. நாம் மட்டும் ஏன் அச்சத்தை வைத்துப் பெயர் கட்ட வேண்டும்? பிறமொழிச் சொல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: அந்தக் கோட்டையின் சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துகீசியர் நமக்குத் தந்தவை.

நான் சண்டை போட வந்தது ‘மறுகூறல்’ பற்றி. கேட்டதும் எனக்கு மறுகூட்டலுக்கு விண்ணப்பித்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும், பொருளும் தப்பு. கார்ட்டர் 1977இல் பெரோவின் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மூலத்தில் என்ன இருக்கிறது என்று வரி வரியாகத் தெரிந்தவர். பழைய கதைக்குள் உறங்குவதை வெளியே எடுப்பதே நோக்கம், இன்னொரு வடிவம் தருவதல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சாவியையே பாருங்கள். பெரோவிடம் அது மந்திரச் சாவி. திறக்கக் கூடாத அறையைத் திறந்தபோது அதில் படிந்த ரத்தத்தைப் போக்க மணலைப் போட்டுத் தேய்க்கிறாள். ஒரு பக்கம் போன ரத்தம் மறுபக்கம் வருகிறது. அண்ணன்மார் வந்து காப்பாற்றுகிறார்கள், ஆர்வம் கெடுதி என்று நீதியும் சொல்லி முடிக்கிறார். கார்ட்டரிடம் கணவன் அதே சாவியை அவள் நெற்றியில் வைத்து அழுத்துகிறான். இதய வடிவக் கறை புருவ மத்தியில் ஒட்டிக்கொள்கிறது, பிராமணப் பெண்ணின் சாதிக்குறி போல. நான் மொழிபெயர்க்க உட்கார்ந்து நின்றுபோன இடம் இது. ‘பொட்டு’ என்று எழுதினால் மங்கலமாகிவிடுகிறது. ‘சாதிக்குறி’ என்றால் நாமமா திருநீறா என்று கேட்பார்கள். ஆனால் புருஷன் வைத்துவிடும் குங்குமம் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கிறது. பிறகு அவள் சேர்ந்து வாழ்வது பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்த, பார்வையற்றவனோடு. அவன் அந்தக் கறையைக் காண மாட்டான் என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல். அவளைக் காக்க வருவதும் அண்ணன் தம்பி இல்லை. அவளுடைய செத்துப்போன அப்பாவின் கைத்துப்பாக்கியோடு குதிரையில் பாய்ந்து வரும் அம்மா.

இது திரும்பச் சொல்வது இல்லை, தோண்டுவது. ஆகவே ‘அகழ்கதை’. அகழ்வாராய்ச்சி பழகிய காதுக்கு விளக்கம் வேண்டாம். கோட்டையைச் சுற்றிய அகழியும் உள்ளே கேட்கிறது, அது இலவசம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில் வைத்தும் சோதித்தேன். சீதை தீக்குளித்ததைக் கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாளே, பொருந்துகிறது. அதில் கோத்திக் இல்லை, ஆகவே வெறும் ‘அகழ்கதை’. கார்ட்டருடையவை ‘கோத்திக் அகழ்கதைகள்’.

வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘அகழ்க்கதை’ என்று எழுதிவிடாதீர்கள். எழுதுபவரை ‘அகழ்கதைஞர்’ என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.