பன்றிக்காவலுக்கு 12 போர் துவக்கு: ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா, ரிப்பீற்றரா?

தம்பலகாமம் வயல்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டம் தம்பலகாமத்தில் எனக்கு நாலு ஏக்கர் வயல், அதோடு ஒட்டினபடி இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. மேட்டில் சோளமும் கச்சானும் (நிலக்கடலை). மேற்குப் பக்கம் முழுக்கக் காடு. கதிர் பால்பிடிக்கிற நேரம் பன்றி கூட்டமாக இறங்குகிறது. தீப்பந்தம், தகரம் தட்டுவது எல்லாம் பழகிப்போய் இப்போது அசைவதே இல்லை. பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:
ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், ரிப்பீற்றர் (ஒரே குழலில் தோட்டாவை அடுத்தடுத்து ஏற்றிச் சுடுவது), எதை எடுப்பது? பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் ஒன்று கைமாற்றத்துக்கு இருக்கிறது, அதை நம்பலாமா? பன்றிக்கு எந்தத் தோட்டா? வீடு தனிக்காணியில் இருப்பதால் கள்ளர் பயத்துக்கும், புயல் வெள்ளம் என்று ஊர் கலைகிற நேரத்துக்கும் அதே துவக்கு உதவுமா?

கொட்டியாபுரத்தான்

தம்பி, கடைசிக் கேள்வியைத்தான் முதலில் தீர்க்க வேணும். மூன்று தேவைக்கும் ஒரே துவக்கு என்ற எண்ணத்தோடு கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகாதீர்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டத்தின் கீழ் உரிமம் ஒரு காரணத்துக்காகத்தான் தரப்படும். பயிர்ப் பாதுகாப்புக்கான சொட் கன் (குண்டுகள் சிதறிப் பாயும் துவக்கு) உரிமம் மாவட்டச் செயலாளரிடம். ஆள் பாதுகாப்புக்கான கைத்துவக்கு பாதுகாப்பு அமைச்சின் வேலை. அந்த வகைத் துவக்குகளை எல்லாம் மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி 2024 ஒக்ரோபரில் அமைச்சு அறிவித்தது, முதல் கெடு நவம்பர் 7. அந்த வழி உங்களுக்கு வேண்டாம்.

காணி உறுதி அல்லது பெமிற், கிராம சேவையாளர் சிபாரிசு, பொலிஸ் அறிக்கை மூன்றையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். உரிமம் வருடா வருடம் டிசம்பர் 31உடன் முடிகிறது, புதுப்பிப்பு ஒக்ரோபர் 1இல் தொடங்கும். பெரும்போக வேலையில் மறந்துவிட்டு ஜனவரியில் உரிமம் இல்லாத துவக்கோடு பரணில் இருப்பது நேரே குற்றம். கைமாற்றமும் அப்படியே. காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பெயர் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதி வரும்வரை துவக்கு பழைய உரிமக்காரரிடமே இருக்க வேணும்.

வேட்டை என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். மான், மரை, யானையில் கை வைத்தால் 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டம் பாயும். யானைக்குச் சொட் கன் அடிப்பதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. குண்டு தோலுக்குள் தங்கிச் சீழ்பிடிக்கும், அந்த யானை அதற்குப் பிறகு ஊரையே வெறிகொண்டு திரியும். யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அடியுங்கள், யானையை விரட்டுகிற யானைவெடியும் அவர்களிடமே கேளுங்கள். மேற்குக் காடு ஒதுக்குக்காடாகவோ சரணாலயமாகவோ இருந்தால் காயப்பட்ட பன்றியைத் தேடிக்கூடத் துவக்கோடு எல்லை தாண்டக்கூடாது.

கள்ளர் விசயம். வெறும் களவுக்கு ஒருவனின் உயிரைப் போக்குகிற உரிமை தண்டனைச் சட்டக்கோவையில் இல்லை. அதைவிட, அறைக்குள் நின்று அடிக்கிற எஸ்.ஜி. என்ற பெரிய குண்டு பலகைக் கதவையும் தகரத்தையும் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அங்கே பிள்ளைகள் படுத்திருப்பார்கள். வீட்டுக்கு நாலு மூலையிலும் வெளிச்சம், உள்ளே குறுக்குத் தாழ்ப்பாள், ஒரு நல்ல நாய், பொலிஸின் 119. இவ்வளவும் துவக்கைவிட வேகமாக வேலை செய்யும்.

சீனன்குடா பட்டறை

துவக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பன்றிக்காவலுக்கு என் தெரிவு 70 மி.மீ. சேம்பர் (தோட்டா உட்காருகிற இடம்) உள்ள 12 போர் (குழல் அகலத்தின் அளவு) இரட்டைக்குழல். எடை 3 கிலோவுக்குச் சற்று மேலே. ஒற்றைக்குழல் மலிவு, ஆனால் முதல் வெடியில் பன்றி விழாமல் திரும்பினால் கையில் ஒன்றுமில்லை. ரிப்பீற்றரில் வெடி கூட, ஆனால் வயல் மண்ணும் ஈரத்தில் ஊதின தோட்டாவும் அதைச் சிக்கவைக்கும். உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இரட்டைக்குழலை மடித்துக் கையில் போட்டால் வெறுமையாக இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். வரம்பும் வாய்க்காலும் இருட்டில் கடக்கிற ஆளுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

பழைய இங்கிலாந்துத் துவக்கில் முதலில் சேம்பர் நீளத்தைப் பாருங்கள். கனக்கத் துவக்குகளில் அது 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. இப்போதைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. தோட்டாவின் நீளம் வெடித்து வாய் விரிந்த பிறகு அளப்பது. அதனால் வெடிக்காத 70 தோட்டா 65 சேம்பருக்குள் வழுக்கிக்கொண்டு போகும், துவக்கும் வடிவாக மூடும். ஆளை ஏமாற்றுவது அதுதான். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் ஒடுங்குகிற பகுதிக்குள் நெரிந்து அமுக்கம் ஏறும். ஒரு தடவையில் வெடிக்காவிட்டாலும் பூட்டு தளர்ந்துகொண்டே போகும்.

குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கிரீடத்தின் கீழ் என்.பி. அல்லது பி.என்.பி. என்று முத்திரை இருந்தால் புகையில்லாத வெடிமருந்துக்குச் சோதித்த குழல். சேம்பர் நீளமும் பல துவக்குகளில் அங்கேயே அடித்திருக்கும். முத்திரை இல்லாமல் குழலில் பாய்விரித்த மாதிரிச் சுருள்கோடு தெரிந்தால் அது கருமருந்துக் காலத்து டமாஸ்கஸ் குழல். சுவரில் மாட்டத்தான் நல்லது.

பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துவக்கைக் கட்டையில் பிடித்து ஆட்டுங்கள். கடகட என்றால் பூட்டு தேய்ந்துவிட்டது. குழலின் அடிக்கும் அது பொருந்துகிற முகப்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தாலும் அதே நோய். குழல் இரண்டையும் தனியே ஒரு கொக்கியில் தொங்கவிட்டுச் சுண்டிப் பாருங்கள், மணிபோல் ஒலிக்க வேணும். ஓட்டைச் சட்டிச் சத்தம் வந்தால் நடு ஒட்டு விட்டுப்போயிற்று. குழலுக்குள்ளே வெளிச்சத்தைப் பார்க்கும்போது கருவளையம் ஒன்று தெரிந்தால் எப்போதோ அடைப்போடு சுட்டு வீங்கின இடம் அது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். கடைசியாக, போலித் தோட்டா போட்டுக் கொத்தியை (தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கிற சுத்தியலை) ஏற்றி, தரையில் ரப்பர் விரித்துக் கட்டையை மெல்லக் குத்துங்கள். கொத்தி தானாக விழுந்தால் பரண் ஏறுகிறபோது ஆள் போய்விடும்.

குழல் வாயின் ஒடுக்கமும் பார்க்க வேணும். 40 யார் தூரத்தில், அதாவது ஏறத்தாழ 37 மீற்றரில், 76 செ.மீ. வட்டத்துக்குள் முழு ஒடுக்கம் 70 வீதக் குண்டைப் போடும், அரை ஒடுக்கம் 60, ஒடுக்கமே இல்லாத குழல் 40. முழு ஒடுக்கம்தான் உயர்வு என்பது சின்னக் குண்டுக்குச் சரி. எஸ்.ஜி. போன்ற பெரிய குண்டு முழு ஒடுக்கத்தில் ஒன்றையொன்று நெரித்துக் கோணல்மாணலாகச் சிதறும். கால் அல்லது அரை ஒடுக்கம் எடுங்கள்.

இன்னொன்று. 12ஐவிடச் சின்னதான 20 போர் தோட்டா எதுவும் உங்கள் பெட்டிக்குள் கலக்கவே கூடாது. அது 12 குழலுக்குள் விழுந்து கொஞ்சம் முன்னால் போய்த் தங்கிவிடும். குழல் வெறுமை என்று நினைத்துப் பின்னால் 12 தோட்டா போட்டு அடித்தால் குழல் இடது கைக்கு மேலே கிழியும். 20 தோட்டாவை மஞ்சளில் செய்வதே இதற்காகத்தான்.

வெருகல் கரை

தோட்டா: பன்றிக்கு எஸ்.ஜி. குண்டு ஒன்று 8.4 மி.மீ., 32 கிராம் தோட்டாவில் 9 குண்டு. சின்னக் குண்டுள்ள பி.பி. தோட்டாவில் ஏறத்தாழ 80 குண்டு இருக்கும், ஆனால் வளர்ந்த ஆண்பன்றியின் தோள் தோலுக்குள் அது ஆழ இறங்காது. காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் படுத்து, காலையில் விறகுக்குப் போகிற மனிதரைக் குத்தும்.

உங்கள் துவக்கு எவ்வளவு தூரத்துக்கு என்பதைத் தாள்தான் சொல்லும். பின்னால் உயரமான மண்மேடு உள்ள இடத்தில் 15, 20, 25, 30 மீற்றரில் பெரிய தாளுக்கு ஒவ்வொன்று அடியுங்கள். 30 செ.மீ. வட்டத்துக்குள் ஆறு குண்டாவது விழுகிற கடைசித் தூரம்தான் உங்கள் எல்லை. பெரும்பாலும் 25 மீற்றர் வரும். அந்தத் தூரத்தில் வயலில் வெள்ளை பூசின தடி ஒன்று நட்டுவையுங்கள், இரவில் தூரம் ஏமாற்றும்.

குண்டு போகிற தூரமோ வேறு. எஸ்.ஜி. குண்டு 600 மீற்றருக்கு மேலும் பறக்கும். தம்பலகாமத் தட்டை வயலில் 600 மீற்றருக்குள் எத்தனை காவல்கொட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தரையில் நின்று 25 மீற்றரில் பன்றிக்கு அடித்தால், தவறின குண்டு ஒன்பது பத்து மீற்றர் தாண்டித் தண்ணீரில் மிகச் சாய்வாகப் பட்டுத் தெறித்து மேலே எழும்பும். கண் உயரம் நாலு மீற்றர் வருகிற பரணிலிருந்து அடித்தால் பன்றிக்குப் பின்னால் மூன்று மீற்றருக்குள் மண்ணில் இறங்கும். ஆகவே துவக்குக்கு ஒதுக்கிய காசில் முதல் பங்கு பரணுக்கு.

பரணை நிலையாக ஓர் இடத்தில் கட்டாதீர்கள். பன்றி கண்ணால் அல்ல, மூக்கால்தான் வயலைப் பார்க்கிறது. காடு மேற்கில் என்றால் பெரும்போகத்தில் வடகிழக்கிலிருந்து வருகிற வாடைக்காற்று உங்கள் உடல் மணத்தைத் தென்மேற்குக்குத் தள்ளும், அதனால் தெற்கு மூலையில் இருங்கள். சிறுபோகத்தில் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான்காற்றுக்குக் கிழக்கு மூலை. பரணில் ஏறும்போது துவக்கு வெறுமையாக, கயிற்றில் கட்டி, வாய் கீழே பார்த்தபடி பிறகு இழுத்தெடுக்க வேணும். தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது.

ரோச் வெளிச்சத்தில் கண் மின்னியதும் அடிக்காதீர்கள். மாட்டுக்கும் எருமைக்கும் நாய்க்கும் மின்னும். முழு உடலும் தெரிந்து, பக்கவாட்டில் நின்றால் மட்டும், முன்காலை ஒட்டிய பின்பக்கம், உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். முன்னால் பார்த்து நிற்கிற பன்றிக்கு அடிக்கவே வேண்டாம். அடிபட்டு ஓடினால் அந்த இடத்தை மனதில் குறித்துவிட்டு விடியும்வரை பரணிலேயே இருங்கள்.

கொத்தி விழுந்தும் வெடிக்காவிட்டால் உடனே மடிக்காதீர்கள். வாயை மண் பக்கம் பிடித்தபடி முப்பது விநாடி. மருந்து தாமதித்துப் பிடிப்பதுண்டு. ‘டப்’ என்று மெலிந்த சத்தம் மட்டும் வந்தால் தோட்டாவில் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் இருக்கிற அடைப்பான் குழலுக்குள் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு, தோட்டாவை எடுத்து, பின்பக்கமிருந்து குழலுக்குள் பார்த்த பிறகுதான் அடுத்தது.

தம்பலகாமம் வயல்

மூன்று பேருக்கும் பெரிய நன்றி. பழைய துவக்கைப் பார்த்தேன். சேம்பர் 2½ என்றே அடித்திருக்கிறது, முன்கட்டை கழற்றினால் ஆட்டமும் இருக்கிறது. விட்டுவிட்டேன். பக்கத்துக் காணிக்காரர் உரிமம் வரும்வரை கட்டுத்துவக்கு (பன்றி வருகிற வழியில் கட்டிவைத்து, கம்பியில் கால் பட்டதும் தானாக வெடிக்கிறது) வைக்கலாம் என்கிறார், இல்லாவிட்டால் வேலிக் கம்பிக்கு வீட்டுக் கரண்ட். அதற்கு என்ன சொல்கிறீர்கள்? மழைக்காலத்தில் தோட்டாவை எப்படி வைப்பது?

கொட்டியாபுரத்தான்

இரண்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. கட்டுத்துவக்குக்குப் பன்றியும் தெரியாது, பால் கறக்க வருகிற பிள்ளையும் தெரியாது. முழங்காலிலும் தொடையிலும் படும். ஆளில்லாத வயலில் இரத்தம் போயே முடிந்துவிடும். வைத்தவர் சிறைக்குப் போவார். அப்படி அடிபட்டவரைக் கண்டால் காயத்துக்கு மேலே துணியை இறுக்கிக் கட்டி அம்புலன்ஸின் 1990க்கு அடியுங்கள். தீனிக்குள் மறைத்துவைக்கிற பன்றிவெடியும் அதே பாவம்தான், யானைக்குட்டி வாய்கிழிந்து பட்டினியில் சாகிறது.

230 வோல்ற் வீட்டுக் கரண்ட் பிடித்தால் விடாது. சூரியக்கலத்தில் ஓடுகிற வேலி மின்னூட்டி வேறு சாதனம். ஆயிரக்கணக்கான வோல்ற், ஆனால் விநாடிக்கு ஒரு நொடித்துடிப்பு, பட்டவன் கையை இழுத்துக்கொள்ள முடியும். பன்றிக்கு இரண்டே கம்பி: நிலத்திலிருந்து 20 செ.மீ., 45 செ.மீ. பலர் முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி கட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள், பன்றி கீழால் நுழைந்துவிடும். நில இணைப்புக்கு 1.8 மீற்றர் நாகம் பூசின குழாய் மூன்று, மூன்று மீற்றர் இடைவெளியில், ஈரமுள்ள இடத்தில். புல் கம்பியில் முட்டினால் துடிப்பு மண்ணுக்குள் போய்விடும், கிழமைக்கு ஒருமுறை வேலியடிப் புல்லைச் செருக்குங்கள். இரண்டு ஏக்கர் மேட்டுக்காணிக்கு இதை முதலில் போடுங்கள். துவக்கு வயலுக்கு மட்டும் போதும்.

சீனன்குடா பட்டறை

தோட்டா: மூடி இறுகுகிற பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பை, அலுமாரியின் மேல்தட்டில், பூட்டுப் போட்டு. துவக்கு வேறு பூட்டில். பித்தளை அடி பச்சைபிடித்தது, ஊதி சேம்பருக்குள் இறுகுவது எதையும் தள்ளி அடைக்காதீர்கள். தோட்டாவில் எண்ணெய் பூசுவது கனபேர் செய்கிற பிழை. ஊடுருவும் எண்ணெய் தோட்டாவின் அடியில் இருக்கிற கேப்புக்குள் இறங்கி மருந்தைக் கொன்றுவிடும்.

நம் கரையோர உப்புக்காற்றில் துவக்கை ஒவ்வொரு இரவும் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் மெல்லிசாக. தேங்காயெண்ணெய் காறிப் பிசுக்காகும். தோலுறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்துக் குழலுக்குக் கொடுக்கும். கட்டை மேலே, வாய் கீழே நிறுத்தினால் எண்ணெய் பூட்டுக்கும் மரத்துக்கும் இறங்காது. ஒவ்வொரு முறையும் எடுக்கும்போது குழலுக்குள் பாருங்கள். நாலு நாள் சும்மா இருந்தாலே குளவி மண்கூடு கட்டும், அதோடு சுட்டால் குழல் பிளக்கும்.

புயல் நேரம்: 2020 டிசம்பர் 2 இரவு புரெவி குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது இருந்ததுபோல எச்சரிக்கை வந்து பாடசாலை முகாமுக்குப் போவதென்றால், துவக்கை அங்கே கொண்டுபோக முடியாது, பூட்டிய வீட்டிலும் விடக்கூடாது. போகும் வழியில் பொலிஸில் இலக்கம் எழுதி ஒப்படைத்துத் துண்டு வாங்குங்கள். உரிமப் புத்தகம் அடையாள அட்டையோடு பொலித்தீன் உறையில் உங்களிடம் இருக்கட்டும். வெள்ளத்தில் மூழ்கின துவக்கை நல்ல தண்ணீரில் கழுவி, குழல் கழற்றிக் காயவைத்து எண்ணெய் போடலாம். மூழ்கின தோட்டாவை வெயிலிலோ அடுப்படியிலோ காயவைக்கக் கூடாது, வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும் சுடக்கூடாது, பொலிஸில் கொடுத்துவிடுங்கள். அவசரகாலத்துக்கென்று செலவழிக்கிற காசு தண்ணீர்க் கலனுக்கு: ஐந்து பேருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு லீற்றர், மூன்று நாளைக்கு 60 லீற்றர். அதோடு பற்றரி ரேடியோ ஒன்றும், கைபேசியில் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும்.