ஐந்து பேர், ஐந்து வேகம்: மாரத்தானுக்கு ஒரே பயிற்சித் திட்டம் ஒத்துவருமா?

திருவான்மியூர்_ஐவர்:

ஜனவரித் தொடக்கத்துல சென்னையில முழு மாரத்தான் (42.2 கிமீ) ஓட நாங்க ஐந்து பேர் தயாராகணும். செப்டம்பர் முதல் ஞாயிறு ஆரம்பிச்சா 18 வாரம் கையில இருக்கு. எல்லாரும் 35-லிருந்து 45 வயசுக்குள்ள. ரெண்டு பேர் அரை மாரத்தானை 2 மணி 10 நிமிஷத்துல முடிப்பாங்க. ரெண்டு பேருக்கு அதே தூரம் 2:45 ஆகும். ஐந்தாமவர் புதுசு, நிக்காம 5 கிமீ ஓடுவார், 40 நிமிஷம் பிடிக்கும்.

இப்போ ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒண்ணா கிளம்புறோம். வேகமா ஓடுற ரெண்டு பேரும் கிலோமீட்டருக்கு 6:15 வைக்கிறாங்க. 10, 12 கிமீ தாண்டினதும் மத்தவங்க நடக்க ஆரம்பிச்சிடுறாங்க. முன்னால போனவங்க டீக்கடையில உட்கார்ந்து காத்திருக்கணும். ஆளுக்கொரு திட்டம்னு பிரிஞ்சா ஒரு மாசத்துல குழுவே கலைஞ்சிடும். வாரநாள்ல மூணு காலை, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம், அதுபோக ஞாயிறு. இதுதான் எங்களுக்கு இருக்கிற நேரம். அஞ்சு பேரையும் ஒரே திட்டத்துக்குள்ள கொண்டுவர வழி இருக்கா? ஐப்பசி, கார்த்திகை மழைக்கு என்ன பண்றது? தண்ணி ஏற்பாடு எப்படி?

கிமீ_கணக்கன்:

முதல்ல ஒண்ணு. 6:15 உங்க முன்வரிசைக்கே தப்பான வேகம். 2:10-ல அரை மாரத்தான்னா கிலோமீட்டருக்கு சுமார் 6:10. அப்போ நீங்க ஒவ்வொரு ஞாயிறும் போட்டி வேகத்துலயே ஓடுறீங்க. அதுல கால் தேயுமே தவிர தாக்குப்பிடிக்கும் திறன் வளராது. நீண்ட ஓட்டத்துல முழு வாக்கியமா பேச முடியணும். அந்த ரெண்டு பேருக்கு 7:00 முதல் 7:30. 2:45 காரங்களுக்கு 8:30 முதல் 9:00.

முழு மாரத்தானுக்கு எவ்வளவு ஆகும்னு பார்க்க பீட்டர் ரீகல் சூத்திரம் இருக்கு. சுருக்கமா, அரை மாரத்தான் நேரத்தை 2.085-ஆல பெருக்குங்க. 2:10 காரங்களுக்கு 4:31, 2:45 காரங்களுக்கு 5:44. முதல் முழு மாரத்தான், அதுவும் நம்ம ஊர் புழுக்கத்துல, இதுக்கு மேல 15 முதல் 30 நிமிஷம் கூடும்னு வச்சுக்கங்க. பின்வரிசைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டலாம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி போட்டியோட கால வரம்பைப் பாருங்க.

புதியவர் அரை மாரத்தானுக்குப் பதியட்டும். 5 கிமீ-லிருந்து 18 வாரத்துல 21-க்கு வர்றது நியாயமான வேலை. 42-க்கு வரணும்னா ஒவ்வொரு வாரமும் கூட்டிக்கிட்டே போகணும், ஒரு காய்ச்சல் வந்தாலே திட்டம் நொறுங்கிடும்.

இப்போ குழுவா சேர்ந்து ஓடுற விஷயம். தூரத்தை மறந்துட்டு நேரத்துக்கு ஓடுங்க. எல்லாரும் ஒரே இடத்துல கிளம்பணும். மொத்தம் 3 மணி நேரம்னா 90-வது நிமிஷம் அஞ்சு கடிகாரத்துலயும் அலாரம் அடிக்கும். யார் எங்க இருக்காங்களோ அங்கேயே திரும்பணும். திரும்பினதும் மெதுவா ஓடுறவங்க முன்னாடி இருப்பாங்க, வேகமானவங்க பின்னாடி. போன வேகத்துலயே எல்லாரும் திரும்பினா ஏறக்குறைய ஒரே நேரத்துல வந்து சேருவீங்க. 7:15-ல ஓடுறவர் கிட்டத்தட்ட 25 கிமீ முடிச்சிருப்பார், 8:45-ல ஓடுறவர் 20.5. டீக்கடையில யாரும் காத்திருக்க வேண்டாம்.

இதுலயே சோதனையும் இருக்கு. முன்வரிசை 10 நிமிஷம் தாமதமா வந்தா, போகும்போது அவங்க வேகம் அதிகம். வழியிலேயே அவங்க பின்வரிசையைப் பிடிச்சிட்டா, பின்வரிசை ஆரம்பத்துல அவசரப்பட்டிருக்கு. புதியவருக்கு மட்டும் அலாரம் 30-வது நிமிஷத்துல. அப்புறம் படிப்படியா கூட்டி, கடைசியில 70 வரை.

ஞாயிறு அட்டவணை, வாரவாரியா, மணி:நிமிஷம்:

1–4: 1:30, 1:45, 2:00, 1:30
5–8: 2:10, 2:25, 2:40, 1:50
9–12: 2:50, 3:05, 3:20, 2:00
13–17: 3:30, 2:30, 3:45, 2:15, 1:30
18: போட்டி

நாலாவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரம் குறையுறதைத் தொடாதீங்க. எலும்பும் தசைநாரும் மூச்சைவிட மெதுவாத்தான் பழகும். நல்லா இருக்கேன்னு அந்த வாரத்தையும் ஏத்துறவங்கதான் பத்தாவது வாரம் முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு உட்காருவாங்க.

3:45-ல பின்வரிசை 26 கிமீ சுமார்தான் ஓடியிருக்கும். "மாரத்தான் பயிற்சியில வழக்கமா சொல்ற 32 கிமீயைத் தொடலையே"ன்னு பயம் வரும். அவங்க வேகத்துல 32 ஓட நாலே முக்கால் மணி நேரம் ஆகும், அதுலேருந்து தேறவே ரெண்டு வாரம் போயிடும். அதுக்குப் பதிலா 11, 13, 15-வது வாரங்கள்ல சனிக்கிழமையை 60 நிமிஷமா நீட்டி, மறுநாள் களைச்ச காலோட நீண்ட ஓட்டம் ஓடட்டும்.

வாரநாள்: செவ்வாய் 45–60 நிமிஷம் எளிய ஓட்டம். வியாழன் 10 நிமிஷம் மெதுவா, அப்புறம் மூணு தடவை 10 நிமிஷம் கொஞ்சம் கடினமா (ரெண்டு மூணு வார்த்தைதான் பேச முடியணும்), நடுவுல 3 நிமிஷம் மெல்லோட்டம். 12-வது வாரத்துக்குள்ள அது 2 தடவை 20 நிமிஷமாகட்டும். சனி 30 நிமிஷம் மெதுவா. செவ்வாயும் சனியும் ஓடி முடிச்சதும் 15 நிமிஷம் ஒற்றைக்கால் குதிகால் உயர்த்தல் (காலுக்கு 15, மூணு சுற்று), ஸ்குவாட் (உட்கார்ந்து எழுறது), பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேரா நிறுத்துறது). இதைத்தான் எல்லாரும் முதல்ல விடுவாங்க.

நடந்து_ஓடு:

மேலே சொன்னது சரி. பின்வரிசைக்கு ஒரு சேர்க்கை: ஜெஃப் காலோவே பரப்பிய ஓட்டம்-நடை முறை. 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் வேக நடை. களைத்த பிறகு நடப்பது இதில் சேராது. முதல் ஐந்தாவது நிமிடத்திலேயே நடை வந்துவிட வேண்டும். ஓட்டம் 8:00, நடை 11:00 என்றால் சராசரி கிட்டத்தட்ட 8:28 வரும். தொடர்ந்து 8:00-ல் ஓடி 25 கிமீக்கு மேல் முழுக்க நடப்பவரை விட இவர் முன்னால் முடிப்பார். கூச்சம்தான் தடை. இருவரும் ஒரே இடைவெளி வைத்துக்கொண்டால் அதுவும் போய்விடும். போட்டியன்று நடைக்கு முன் கையை உயர்த்திச் சாலை ஓரம் ஒதுங்குங்கள். பின்னால் வருபவர் மோதக்கூடாது.

உப்பும்_தண்ணியும்:

தண்ணி கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், அதனால எடை மெஷின் ஒண்ணு வேணும். ஓடுறதுக்கு முன்னாடி சிறுநீர் கழிச்சிட்டு, குறைஞ்ச உடையில எடை பாருங்க. ஓடி வந்ததும் துடைச்சிட்டு மறுபடி பாருங்க. உதாரணம்: 70 கிலோ 68.2 ஆச்சு, வழியில 1.5 லிட்டர் குடிச்சீங்க, ஓடினது 3 மணி நேரம். வியர்வை 1.8 + 1.5 = 3.3 லிட்டர், மணிக்கு 1.1. அதை முழுசும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை. எடையில 2 சதவீதம் வரை குறைஞ்சா பரவாயில்லை. எடை கூடியிருந்தா அதுதான் ஆபத்து: வெறும் தண்ணி அளவுக்கு மீறிப்போய் ரத்தத்துல சோடியம் குறையும். தலைவலி, வாந்தி, குழப்பம், கை வீக்கம் எல்லாம் அதுலயும் வரும். நீரிழப்புன்னு நினைச்சு இன்னும் தண்ணி குடுத்தா நிலைமை மோசமாகும். மருத்துவ உதவிக்குப் போங்க.

பெரும்பாலானவங்களுக்கு மணிக்கு 400–700 மில்லி போதும். தாகத்தை ஒட்டிக் குடிங்க, ஒரே மூச்சுல கவுக்காதீங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடினா பாதி தண்ணி, பாதி ஓஆர்எஸ். பாக்கெட்ல உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. முழு பாக்கெட்டும் ஒரு லிட்டருக்கு. பாதி தண்ணியில முழு பாக்கெட் கரைச்சா வயிறு திருகும். இளநீர் ஓடி முடிச்ச பிறகு நல்லது, ஆனா அதுல பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கம்மி. ஓட்டத்துல உப்புக்கு அதை நம்ப முடியாது.

ஏற்பாடு: ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) தெற்கே போனா நீலாங்கரையில ஒண்ணு, அக்கரையில ஒண்ணுன்னு ரெண்டு இடம். போகும்போதும் வரும்போதும் கிடைக்கும். 3 மணி நேர ஓட்டத்துக்கு அஞ்சு பேருக்கும் சேர்த்து குடிக்க 8 லிட்டர், தலையில ஊத்த 5 லிட்டர். முந்தின ராத்திரியே தெரிஞ்ச கடை வாசல்லயோ காவலாளிகிட்டயோ பேர் எழுதி வைங்க. யாராவது ஸ்கூட்டர்ல கூட வந்தா இன்னும் நல்லது. காயம் பட்டவரை ஏத்திட்டு வரவும் ஆகும்.

சாப்பாடு: 90 நிமிஷம் தாண்டினா மணிக்கு 30–60 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் சுமார் 25 கிராம், ஜெல் (ஓட்டக்காரங்க எடுக்கிற சர்க்கரைக் கூழ் பாக்கெட்) ஒண்ணு பொதுவா 20–25. 40-வது நிமிஷமே ஆரம்பிக்கணும். கால்ல தெம்பு தீர்ந்த பிறகு சாப்பிட்டா பலன் தெரியவே நேரமாகும். ஜெல்லைத் தண்ணியோட எடுங்க, ஓஆர்எஸ்ஸோட வேண்டாம், சர்க்கரை மேல சர்க்கரை சேரும். கடலைமிட்டாய்ல கொழுப்பு, ஜீரணம் மெதுவா. ஏழாவது வாரத்துலேருந்து ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துலயும் பழகுங்க, போட்டியன்னைக்கு எதுவும் புதுசா வேண்டாம். வலிக்கு முன்கூட்டியே ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடுற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. நீரிழப்போட சேர்ந்தா சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

மழைக்கால_ஓட்டம்:

கிமீ_கணக்கன் சொன்ன வியாழன் பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை. செப்டம்பரிலும் அக்டோபர் முன்பாதியிலும் காலை நாலரைக்கே காற்று பிசுபிசுக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், உடல் குளிராது. முதல் ஆறு வாரம் வியாழனும் எளிய ஓட்டமாகவே இருக்கட்டும். கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் ஆறு மட்டும் சேர்த்தால் போதும்.

சாலையைப் பற்றி: எதிரே வண்டி வரும் பக்கமாகத்தான் ஓட வேண்டும், நம் ஊரில் அது வலது ஓரம். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் வலது கால் எப்போதும் தாழ்வில் விழும். போகும்போதும் வரும்போதும் வலது ஓரம்தான் என்பதால் திரும்பி ஓடினாலும் இது சமனாகாது. இடுப்பும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்க இதுவே காரணமாகலாம். எனவே வாரநாள் ஓட்டங்களைச் சமதளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெரினாவில் காமராஜர் சாலையை ஒட்டிய உட்சாலை நல்லது. ஒளிரும் பட்டையும் சிவப்பு விளக்கும் ஐந்து பேருக்கும் கட்டாயம்.

மழையில் ஓடலாம், தேங்கிய நீரில் கூடாது. மூடி இல்லாத பாதாளச் சாக்கடை, இபி பெட்டியிலிருந்து கசியும் மின்சாரம், எலிக்காய்ச்சல் ஆகிய மூன்றும் அங்கேதான். ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாளில் ஓட்டம் கிடையாது. டிரெட்மில், அல்லது அடுக்ககத்தில் 40 நிமிடம் படியேறிவிட்டு லிஃப்டில் இறங்குங்கள். படியில் இறங்குவது தொடையை அடித்துவிடும். ஒரு ஞாயிறு தவறினால் அதை அடுத்த வாரத்தில் கூட்டாதீர்கள், அட்டவணையில் அடுத்ததற்குப் போங்கள். தொடர்ந்து இரண்டு தவறினால் கடைசியாக ஓடிய நேரத்தை ஒருமுறை திரும்ப ஓடுங்கள்.

நனைந்த பருத்திக் காலுறைதான் கொப்புளத்துக்கு முதல் காரணம். செயற்கை இழை உறை இரண்டு ஜோடி. தொடை இடுக்கு, அக்குள், மார்க்காம்பு மூன்றிலும் வாசலின். நனைந்த ஷூவில் செய்தித்தாள் திணித்து நிழலில் காய வையுங்கள், வெயிலில் பசை விடும்.

தெருநாய்: துரத்தினால் ஓடாதீர்கள். ஐவரும் நெருங்கி நின்று, நடந்தே கடந்து செல்லுங்கள். கடித்தால் காயத்தைச் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி.

கிமீ_கணக்கன்:

வியாழன் விஷயம் ஒத்துக்கிறேன். முதல் ஆறு வாரம் அப்படியே வைங்க. அப்புறமும் கடிகார வேகத்தைப் பார்க்காம மூச்சைப் பார்த்து ஓடுங்க.

திருவான்மியூர்_ஐவர்:

எல்லாருக்கும் நன்றி. திரும்பு அலாரத்தை இந்த ஞாயிறே ஆரம்பிச்சிடுறோம். இன்னும் ரெண்டு கேள்வி. எங்கள்ல ஒருத்தருக்குக் கணுக்காலுக்கு மேல உள்பக்க எலும்போரம் வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிச்சு, சூடானதும் குறையுது. ஓட்டத்தைத் தொடரலாமா? அப்புறம், போட்டியன்னைக்கு அஞ்சு பேரும் சேர்ந்து ஓடலாமா?

கெண்டைக்கால்:

விரலால் எலும்போரம் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நாலைந்து அங்குலத்துக்குப் பரவலாக வலித்து, சூடானதும் குறைந்தால் அது ஷின் ஸ்பிளிண்ட்டாக (ஓட்டச் சுமையால் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் நோகும் நிலை) இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள், மீதி நேரம் சைக்கிள் அல்லது நீச்சல், தினமும் குதிகால் உயர்த்தல். ஷூ 700, 800 கிமீ தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ஒரே புள்ளியில், விரல்நுனி அளவு இடத்தில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலோ, அந்த ஒற்றைக்காலில் குதித்தால் சுரீர் என்றாலோ எலும்பு முறிவின் தொடக்கமாக இருக்கலாம். அதோடு ஓடக்கூடாது, எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

போட்டியன்று இருவர் இருவராகப் போங்கள். முதல் 5 கிமீ திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 15 விநாடி மெதுவாக. 30 கிமீ வரை ஜோடி பிரிய வேண்டாம். அதற்குப் பிறகு யாருக்குக் காலில் தெம்பு இருக்கிறதோ அவர் போகலாம், மற்றவர் முறைத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முடித்தபின் எங்கே கூடுவது என்பதையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள், பலரிடம் போன் இருக்காது.